கச்சான் காத்தும் ஹேமர் கோரலும்: கல்லடித் தம்பிக்கு ஒரு பதில்

மட்டக்களப்புக் கல்லடியில இருந்து ஒரு தம்பி, தொட்டியில வளர்க்கிற ஹேமர் கோரல் எண்ட உயிருள்ள முருகையைப் பத்தி, போட்டோவும் வச்சு எழுதியிருக்கார். கச்சான் எண்டு அவர் சொல்றது மேற்கில இருந்து எங்கட பக்கம் அடிக்கிற வறண்ட காத்து. கடிதம் நீளம், தேவையான இடத்தை மட்டும் சுருக்கிக் கீழ போடுறன்.

"அக்கா, என்னட்ட மூண்டடி உப்புத்தண்ணித் தொட்டி ஒண்டு இருக்கு, கிட்டத்தட்ட 180 லீட்டர். எட்டு மாசத்துக்கு முதல் கொழும்பில ஒரு கடையில பில்லோட வாங்கின ஹேமர் கோரல், நாலு தலை, கிளைக் கிளையா வளர்ற வகை. நல்லா விரிஞ்சு நிண்டது. கச்சான் காத்து தொடங்கினதுல இருந்து சுருங்கிட்டு. ரெண்டு தலையில எலும்பு மாதிரி வெள்ளை தெரியுது, ஒரு தலையில மண்ணிறத்துல சளி மாதிரி ஒண்டு படிஞ்சிருக்கு. கடைக்காரர் சொல்லி கல்சியம், அயடின், கோரல் டொனிக் எண்டு மூண்டு போத்தில் ஊத்துறன், இடமும் அஞ்சாறு தரம் மாத்திட்டன். தண்ணி குறைஞ்சா நான் வேலையால வந்து கடல் தண்ணி ஊத்துவன், நான் நைட் ஷிப்ட் போற நாள்ல அம்மா கிணத்துத் தண்ணி ஊத்துவா. போன கிழமை உப்பு அளக்கிற ஹைட்ரோமீட்டர்ல 1.030 காட்டிச்சு, பயந்து போய் அண்டைக்கே முப்பத்தஞ்சு லீட்டர் எடுத்துட்டு கிணத்துத் தண்ணி ஊத்தினன், இப்ப 1.024. வெப்பம் காலமை 28.5, பின்னேரம் 31.5. நைத்திரேற் 40. அம்மாவோட ஒரே சண்டை, அவதான் கெடுத்துட்டா எண்டு நினைக்கிறன். இனி என்ன மருந்து போடுறது? தப்பாட்டி ஒரு கூட்டாளி பாசிக்குடாக் கடல்ல இருந்து கோரல் துண்டொண்டு உடைச்சுத் தாறன் எண்டு சொல்றான், வைக்கலாமா? கல்லுல சின்னச் சின்ன அனிமோன் மாதிரி வேற பரவுது, கல்லை எடுத்து அவிச்சா போயிருமாம், உண்மையா?"

தம்பி, முதல்ல அந்திரப்படாம இருங்க. நாலு தலையில ரெண்டு தலை இன்னும் சதையோட இருக்கு எண்டு உங்கட போட்டோவுல வடிவாத் தெரியுது, அப்ப இது செத்த கோரல் இல்ல. ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றதெண்டா, போட வேண்டிய மருந்து எண்டு ஒண்டும் இல்ல, நிப்பாட்ட வேண்டியதுதான் கனக்க இருக்கு.

இண்டைக்கே செய்ய வேண்டியது ஒண்டு இருக்கு, அதை முதல்ல சொல்லிட்டு மத்ததுக்கு வாறன். அந்த மண்ணிறச் சளிக்கு எங்கட தொழில்ல பிறவுன் ஜெலி எண்டு சொல்றது, ஹேமர், டோர்ச் எண்ட கோரல் வகைக்கு வாற வருத்தத்துல இதுதான் ஆகக் கெதியாப் பரவுறது, காயப்பட்ட சதையில சிலியேட் எண்ட கண்ணுக்குத் தெரியாத உயிரும் பற்றீரியாவும் சேர்ந்து தின்னுறது. ஒரு தலையில இண்டைக்கு இருந்தா நாளைக்கு மற்றத் தலைக்குப் போயிரும், அதால காத்திருக்க ஏலாது. நீரோட்டம் குடுக்கிற வேவ்மேக்கர், பம்ப் எல்லாத்தையும் ஓஃப் பண்ணுங்க, தண்ணி அசையாம நிண்ட பிறகு எயார் பம்புக்குப் போடுற மெல்லிய டியூப் ஒண்டை எடுத்து, சளிக்குக் கிட்டப் பிடிச்சு, வாளிக்குள்ள இழுத்து விடுங்க. துடைக்கப் போகாதீங்க, பிரஷ்சும் போடாதீங்க, அது துண்டு துண்டாப் பிஞ்சு மற்றத் தலையில போய் இருக்கும். வாளித் தண்ணியை வெளியில ஊத்துங்க, கிறுகி தொட்டிக்குள்ள ஊத்தப்படாது. பிறகு கோரலை தண்ணிக்குள்ளேயே ஒரு கிண்ணத்துக்குள்ள வச்சு, அந்தத் தண்ணியோடேயே தூக்குங்க, சதை காத்துல தொங்கினா அதுட பாரமே அதைக் கிழிச்சுப் போடும். மணந்து பாருங்க. அழுகின மீன் மணம் வந்தா அந்தத் தலை போயிட்டு, அதுல நம்பிக்கை வச்சு மற்ற மூண்டையும் பலி குடுக்காதீங்க. கிளை வகை எண்டபடியா உங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, தலைக்குக் கீழ எலும்புல ஒரு இஞ்சி விட்டு கட்டரால வெட்டி எடுத்திரலாம், சுவர் மாதிரி ஒரே சதையா வளர்ற வகையெண்டா அந்த வழியும் இல்ல. வெட்டேக்க கண்ணாடி போடுங்க, கையுறை போடுங்க. பிறகு கோரல் டிப் எண்ட, கோரலைத் தொட்டிக்கு வெளியில முக்கிக் கழுவுற கரைசல் ஒண்டுல, லேபில்ல எழுதியிருக்கிற அளவுக்கும் நேரத்துக்கும் ஒரு சொட்டும் கூட்டாம, தொட்டித் தண்ணியிலேயே கரைச்சு முக்கி எடுத்து, வேற கிண்ணத்துத் தொட்டித் தண்ணியில அலசி, திரும்ப வையுங்க.

எங்க வைக்கிறது? எட்டு மாசத்துல ஏழு மாசம் எங்க நல்லா இருந்ததோ அந்த இடத்துலதான். நீங்க அஞ்சாறு தரம் மாத்தினதுல ஒவ்வொரு தரமும் அது புது வெளிச்சத்துக்கும் புது நீரோட்டத்துக்கும் பழகப் பாத்து, பழகி முடிய முதல் திரும்பவும் தூக்குப்பட்டிருக்கு. ஹேமருக்கு நடுத்தர வெளிச்சம் காணும், நீரோட்டம் நேரா அடிக்கப்படாது, விரல் மாதிரி இருக்கிறதெல்லாம் வயல்ல நெல் ஆடுற மாதிரி ரெண்டு பக்கமும் ஆடோணும், ஒரு பக்கம் சாஞ்சபடி நிண்டா ஓட்டம் கூட எண்டு அர்த்தம். வச்ச பிறகு மூண்டு கிழமைக்குக் கை வைக்கப்படாது. கையை விட்டுத் தொடாம, கண்ணால மட்டும் பாருங்க.

இனி ஏன் இப்படி வந்தது எண்ட கதைக்கு வாறன், இதுதான் முக்கியம், இதை விளங்காம எதைச் செய்தாலும் அடுத்த கச்சானுக்கும் இதே கடிதம் வரும்.

தொட்டியில தண்ணி குறையிறது ஆவியாப் போறதாலதான். ஆவியாப் போறது தண்ணி மட்டும், உப்பு அப்படியே தொட்டிக்குள்ள நிக்கும். கச்சான் அடிக்கிற நாள்ல, அதுவும் பேனும் போட்டா, மூண்டடித் தொட்டியில நாளைக்கு நாலு லீட்டர் குறையிறது சாதாரணம். அந்த நாலு லீட்டருக்கு நீங்க கடல் தண்ணி ஊத்தினா என்ன நடக்குது எண்டு கணக்கைப் பாருங்க. கடல் தண்ணியில லீட்டருக்கு 35 கிராம் உப்பு, நாலு லீட்டருக்கு 140 கிராம். உங்கட 180 லீட்டர்ல சரியான நிலையில இருக்க வேண்டிய உப்பு 6.3 கிலோ. ஏழு தரம் கடல் தண்ணி ஊத்தினா கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பு மேலதிகமாச் சேர்ந்திரும், 35ல நிண்டது 40க்குப் போயிரும். ஹைட்ரோமீட்டர்ல அது 1.030. நீங்க கண்ட அதே நம்பர்.

ஆக, தம்பி, உப்பு ஏறினது அம்மாவால இல்ல. உப்பில்லாத நல்ல தண்ணியாலதான் நிரப்போணும் எண்டது சரி, அதைச் செய்தது அவதான், கிணத்துத் தண்ணிதான் பிழையான நல்ல தண்ணி, அதுக்குப் பிறகு வாறன். அவ ஊத்தின நாள்ல உப்பு ஏறவே இல்ல. நீங்க வேலையால களைச்சு வந்து, பீச்சுக்குப் போய் கேன்ல கடல் தண்ணி எடுத்து வந்து ஊத்தினது எவ்வளவு அக்கறையில எண்டு எனக்கு விளங்குது, கோரல் கடல்ல இருக்கிறது, அதுக்குக் கடல் தண்ணிதான் நல்லம் எண்டு நினைக்கிறது இயல்பு, நான் போற வீடுகள்ல பாதிப் பேர் இதே பிழையத்தான் செய்திருக்கினம். ஆனா அம்மாவோட சண்டை பிடிச்சதுக்கு ஒருக்கா மன்னிப்புக் கேளுங்க, இதை நான் உண்மையாத்தான் சொல்றன்.

அதை விடப் பெரிய அடி விழுந்தது அந்த முப்பத்தஞ்சு லீட்டர் அண்டைக்கு. 40ல இருந்த உப்பு ஒரே பின்னேரத்துல 32க்கு இறங்கியிருக்கு. கோரலுக்குத் தோல் எண்டு சொல்ல ஒண்டும் பெரிசா இல்ல, உடம்புக்குள்ள இருக்கிற உப்பும் வெளியில இருக்கிற உப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், வெளியில திடீரெண்டு இறங்கினா தண்ணி உள்ளுக்குள்ள ஏறி சதை வீங்கிக் கிழியும். மெல்ல மெல்ல 40க்கு ஏறினதை அது பல்லைக் கடிச்சுக்கொண்டு தாங்கியிருக்கும், சடாரெண்டு இறங்கினதைத்தான் தாங்கேல்ல. அந்தக் காயத்துலதான் பிறவுன் ஜெலி பிடிச்சிருக்கு எண்டு நான் நம்புறன், நாளையும் நீங்க எழுதின விதத்தையும் பாத்தா வேற மாதிரி யோசிக்க ஏலாமக் கிடக்கு.

இப்ப 1.024. அதை 1.026க்கு ஏத்தோணும், ஆனா இந்தத் தரம் பொறுமையா. முதல்ல அந்த ஊசி ஆடுற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீங்க, ஊசியில ஒரு காத்துக் குமிழி ஒட்டினாலே கணக்கு மாறும், உப்புப் படிஞ்சா இன்னும் மோசம். ஒரு சொட்டுத் தண்ணியில உப்பைக் காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்டு வாங்குங்க, மூண்டு போத்தில் மருந்துக்குச் செலவழிச்ச காசை விட அது பெறுமதி, வாங்கேக்க அதைச் சரி பாக்கிற 35 பிபிடி (லீட்டருக்கு 35 கிராம்) கலிப்ரேஷன் தண்ணியும் சேர்த்து வாங்குங்க. அதால அளந்து உண்மையாவே 1.024 எண்டா, இனி நாலு நாளைக்கு மட்டும் குறையிற தண்ணிக்குக் கடல் தண்ணியே ஊத்துங்க. ஓம், நான் வேண்டாம் எண்ட அதே வேலைதான், ஆனா இப்ப அது மருந்து. நாளைக்கு 140 கிராம் படி நாலு நாள்ல அரைக் கிலோவுக்கு மேல போகும், உங்களுக்குத் தேவையானதும் அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் அளந்து, 1.026 காட்டின அண்டைக்கு நிப்பாட்டுங்க. அதுக்குப் பிறகு நிரப்புறது நல்ல தண்ணியால மட்டும்.

கண்ணாடியில தண்ணி மட்டம் நிக்கிற இடத்துல ஒரு சின்னத் துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. அம்மாவுக்கு ஒரு ஜக் குடுங்க. காலமை டேப் வரைக்கும், பின்னேரம் டேப் வரைக்கும், அவ்வளவுதான் வேலை. ரெண்டு நாளைக்கு ஒருக்கா எட்டு லீட்டர் ஊத்துறதை விட இது கோரலுக்கு எவ்வளவோ சுகம். கைவசம் இருந்தா தானாத் தண்ணி நிரப்புற ஓட்டோ டொப் ஓஃப் ஒண்டு பூட்டலாம், ஆனா கரண்ட் கட், மிதவை இறுகுறது எண்டு அதுக்கும் தொல்லை இருக்கு, வீட்டுல பொறுப்பான ஒரு அம்மா இருந்தா அந்த மெஷினை விட அவதான் திறம்.

எந்த நல்ல தண்ணி எண்டா கிணத்துத் தண்ணி வேண்டாம். கல்லடி மணல் நிலம், கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள்ள, மழைக்கு எல்லாம் ஒரே மணலுக்குள்ளாலதான் இறங்குது. உங்கட நைத்திரேற் 40க்கு மீனையும் தீனியையும் குறை சொல்ல முதல், அதே டெஸ்ட் கிட்டால கிணத்துத் தண்ணியை ஒருக்கா அளந்து பாருங்க. அதுல லீட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கு எண்டு வைங்க, ஒண்டு விட்டு ஒரு நாள் நாலு லீட்டர் ஊத்தினாலே மாசத்துல தொட்டியில 15க்கு மேல ஏறும், அண்டைக்கு ஊத்தின முப்பத்தஞ்சு லீட்டரோடயும் அதே நைத்திரேற் உள்ளுக்கு வந்திருக்கும். 50 எண்டது குடிதண்ணிக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை, அதால கணக்கு கூட வந்தா கோரலுக்கு மட்டுமில்ல, வீட்டுல சின்னப் பிள்ளைகள் இருந்தா அவங்களுக்கும் அந்தத் தண்ணியைக் குடுக்காதீங்க. பைப் தண்ணி, உன்னிச்சைக் குளத்துல இருந்து வாறது, குடிக்க நல்லம், தொட்டிக்கு குளோரின் தொல்லை. ஆர்.ஓ. தண்ணி, அதாவது மெல்லிய சவ்வால வடிச்சு உப்பு நீக்கின தண்ணிதான் சரி. கடையில பெரிய போத்தில்ல வாறதை வாங்கலாம், ஆனா தண்ணியில கரைஞ்சிருக்கிறதை அளக்கிற டீ.டீ.எஸ் மீட்டர் ஒண்டால பாத்து பத்துக்குக் கீழ காட்டினா மட்டும், சில இடத்துல ருசிக்காகத் திரும்பவும் தாதுப்புச் சேர்ப்பாங்க. ஏசியில இருந்து சொட்டுற தண்ணியைப் பிடிச்சு ஊத்துற ஆக்களும் இருக்காங்க, வேண்டாம், அது செப்புக் கொயிலைத் தடவிக்கொண்டு வாறது, செப்பு கொஞ்சம் போனாலே இறாலும் கோரலும் தாங்காது.

தண்ணி மாத்திறதுக்கு எடுக்கிற கடல் தண்ணியைப் பத்தியும் ஒண்டு. கச்சான் காலத்துல எங்கட பக்கக் கடல் அமைதி, தண்ணியும் தெளிவு, போட்டுக்காரரிட்ட குடுத்து கரையில இருந்து நல்லாத் தள்ளி எடுத்தா திறமான தண்ணி. ஆனா கார்த்திகை, மார்கழியில மழைக்கு முகத்துவாரம் வெட்டுப்பட்ட பிறகு வாவித் தண்ணி முழுக்க சேத்தோட கடலுக்குள்ள வருது, அப்ப கரையில எடுக்கிற தண்ணி நிறமும் வேற, உப்பும் குறைவு. அந்த ரெண்டு மூண்டு மாசத்துக்கு பக்கெட் உப்பு வாங்கி ஆர்.ஓ. தண்ணியில கலக்குறதுதான் நல்லம். எப்ப எடுத்தாலும் அளக்காம ஊத்தாதீங்க.

அடுத்தது சூடு. 31.5 எண்டது கூட. ஹேமருக்கு 25, 26 எண்டா சந்தோசம், 28 வரைக்கும் எங்கட ஊர்ல சமாளிக்கலாம், 30க்கு மேல கிழமைக் கணக்கா நிண்டா அதுட சதைக்குள்ள குடியிருக்கிற நுண்பாசி பிரச்சினை குடுக்கத் தொடங்கும். கோரலுக்கு நிறம் குடுக்கிறதும் அந்தப் பாசிதான், வெளிச்சத்துல சமைச்சு அதுக்குச் சாப்பாடு போடுறதும் அந்தப் பாசிதான். சூட்டுல பாசி நஞ்சாகப் போக, கோரல் அதை வெளியில துப்பிப் போடும், பிறகு கண்ணாடி மாதிரி சதைக்குள்ளால வெள்ளை எலும்பு தெரியும். அதைத்தான் வெளுக்கிறது எண்டு சொல்றது. வெளுத்த கோரல் செத்த கோரல் இல்ல, பட்டினி கிடக்கிற கோரல். உங்கட மற்ற ரெண்டு தலையும் இளநிறமாத் தெரியுது, அது இந்தச் சூட்டுட வேலை.

2016ல இலங்கைக் கடல்ல முருகை வெளுத்த நேரம் நான் பாசிக்குடாவுல மாஸ்க் போட்டு இறங்கினன். இடுப்பளவு தண்ணிதான். வழக்கமா மண்ணிறமும் பச்சையுமாக் கிடக்கிற கல்லு, சுண்ணாம்பு அடிச்ச மதில் மாதிரி கிடந்தது, சில துண்டு மட்டும் நம்பேலாத ஊதா, நீலம். கரையில நிண்ட ஆக்கள் எவ்வளவு வடிவு எண்டு போட்டோ எடுத்தாங்க. எனக்கு வாய்க்குள்ள இருந்த ஸ்னோர்க்கலை எடுத்துட்டு கத்தோணும் போல இருந்தது. அண்டைக்கு வீட்டுக்கு வந்து என்ட தொட்டியைப் பாத்தா அதுலயும் 31. கடலுக்கு என்னால பேன் போட ஏலாது, தொட்டிக்கு ஏலும், அண்டைக்கு இரவே போட்டன்.

நீங்களும் அதைத்தான் செய்யோணும். மூடியைக் கழட்டிட்டு, சின்ன மேசை பேன் ஒண்டை தண்ணி மேல சாய்வா அடிக்க விடுங்க. கச்சான் காத்து வறண்ட காத்து எண்டபடியா ரெண்டு, மூண்டு டிகிரி வரை இறங்கும், மழைகாலத்து ஈரக் காத்துல இந்த அளவுக்கு இறங்காது. ஆவியாகிறதும் கூடும், அதுக்குத்தான் டேப்பும் ஜக்கும். ஹீட்டர் ஒண்டு உள்ளுக்குக் கிடந்தா பிளக்கைக் கழட்டுங்க, ஒட்டிப் போய் நிண்டு தண்ணியைக் கொதிக்க வச்ச ஹீட்டரை நான் ரெண்டு வீட்டுல கண்டிருக்கன். லைட்டைப் பகல்ல போடாதீங்க, பின்னேரம் நாலு மணியில இருந்து இரவு பதினொண்டு வரை போடுங்க, கூரைத் தகடு காயிற நேரத்துல லைட் சூடும் சேராது, நீங்களும் வேலையால வந்து பாக்கலாம். வெளுத்திருக்கிற இந்த நேரத்துல லைட் அளவையும் மூண்டுல ஒரு பங்கு குறைச்சு வச்சு, ஒரு மாசத்துக்குப் பிறகு மெல்ல ஏத்துங்க. ஐஸ் போத்தில் போடுற பழக்கம் இருந்தா விடுங்க, கரண்ட் கட்டில ஆபத்து எண்டா மட்டும் சரி, மற்றபடி அது ஒரு மணித்தியாலத்துல இறக்கி அடுத்த மணித்தியாலத்துல ஏத்தும். கரண்ட் போனா முதல்ல தேவை பற்றரியில ஓடுற எயார் பம்ப், சூடான தண்ணியில ஒட்சிசன் குறைவாத்தான் கரையும், மீன் மூச்சடைச்சுச் செத்தா அது அழுகி மிச்சத்தையும் கொண்டு போயிரும்.

அந்த மூண்டு போத்திலும். எல்லாத்தையும் இண்டையோட நிப்பாட்டுங்க. எதை அளக்கிறீங்களோ அதை மட்டும்தான் ஊத்தலாம், எனக்கு இந்தத் தொழில்ல ஒரே ஒரு கண்டிப்பு இருக்கெண்டா அது இதுதான். அயடின் தேவைக்கு மேல போனா நஞ்சு. டொனிக் எண்டதுக்குள்ள என்ன இருக்கெண்டு லேபில்லயே எழுதாட்டி அதை ஒரு உயிரிருக்கிற தொட்டிக்குள்ள ஏன் ஊத்துறது? கல்சியம் தேவைதான், 400ல இருந்து 450 வரை நிக்கோணும், ஆனா அதோட அல்கலினிட்டி, அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற காபனேற்று அளவு, சேர்ந்து நிக்காட்டி கல்சியத்தால பிரயோசனம் இல்ல, ரெண்டும் சேர்ந்துதான் எலும்பாகும். நீங்க அல்கலினிட்டி அளக்கவே இல்ல, கடிதத்துல அந்த ஒரு நம்பர்தான் குறையுது, ஹேமருக்கு ஆக முக்கியமான நம்பரும் அதுதான். அதை அளக்கிற டிகிரிக்கு டீ.கே.எச் எண்டு பேர், 8ல இருந்து 9 டீ.கே.எச் வரை ஒரே இடத்துல நிக்கோணும். இண்டைக்கு 7, நாளைக்கு 10 எண்டு ஆடினா சதை எலும்பை விட்டுக் கழண்டு வரும், பாக்க உப்புப் பிரச்சினை மாதிரியே இருக்கும். அளந்து 7க்குக் கீழ எண்டு வந்தா, பெரிய மருந்து ஒண்டும் வேண்டாம், குசினியில இருக்கிற அப்பச்சோடாதான், சோடியம் பைகாபனேற். பேக்கிங் பவுடர் இல்ல, அது வேற, மாறிப் போடாதீங்க. உங்கட 180 லீட்டருக்கு 1 டிகிரி ஏத்த அஞ்சரை கிராம் காணும். ஆர்.ஓ. தண்ணியில கரைச்சு, நீரோட்டம் உள்ள இடத்துல மெல்ல ஊத்தி, ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல போகாம.

சாப்பாடு குடுக்கோணுமா எண்டும் யோசிப்பீங்க. இப்ப வேண்டாம். ஹேமர் பெரும்பாலும் வெளிச்சத்துலதான் வாழுது. எல்லாக் கோரலும் அப்படியில்ல, 1942 ஏப்ரல் 9ல எங்கட கடல்ல மூழ்கின ஹெர்மிஸ் எண்ட பிரித்தானியப் போர்க்கப்பல்ல, அம்பது மீற்றருக்குக் கீழ, வெளிச்சம் மங்கின இடத்துல கருங்கோரல் எல்லாம் நீரோட்டத்துல வாறதைப் பிடிச்சுத் தின்டு வளருது. அது அதுட வழி. உங்கட ஹேமர் திரும்ப விரிஞ்சு, வாய் இறுக்கமா மூடினபடி இருக்கு எண்டு கண்ட பிறகு, கிழமைக்கு ஒருக்கா சின்ன மைசிஸ் இறால் ஒண்டை மெல்ல விரல்ல விழ விடலாம். வாய் ஆவெண்டு கிடக்கிற கோரலுக்குத் தீத்தினா அது உள்ளுக்கு அழுகும்.

கல்லுல பரவுறது ஆப்டேசியா எண்ட, களை மாதிரிப் பரவுற சின்ன அனிமோனாத்தான் இருக்கோணும். கல்லை அவிக்கவே கூடாது தம்பி, இதை அண்டை அயல்ல தொட்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்க. சோவாந்திட், பாலித்தோவா எண்டு பட்டன் மாதிரி இருக்கிற சில வகையில பாலிடொக்சின் எண்ட நஞ்சு இருக்கு, கல்லுல அது கொஞ்சம் ஒட்டியிருந்து நீங்க அவிச்சா ஆவியோட வீடு முழுக்க வரும், இப்படிச் செய்து குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் வெளிநாடுகள்ல இருக்காங்க. ஆப்டேசியாவை ஹேமர் தேறின பிறகு பாப்பம், அது ரெண்டு மாசம் காத்திருக்கும்.

இனி பாசிக்குடாத் துண்டு. வேண்டாம். கூட்டாளியிட்டயும் சொல்லுங்க, உடைக்க வேண்டாம் எண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கு, இலங்கையில கடின முருகை எல்லாம் வனசீவராசிகள் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, உலக வியாபாரத்துலயும் அது சைட்டீஸ் எண்ட, அருகிவாற உயிர்களுட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உடன்படிக்கையிட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதாலதான் கடையில வாங்கினாலும் பில்லும் கடதாசியும் கேளுங்க எண்டு சொல்றது, நீங்க பில்லோட வாங்கினதுல எனக்கு மெத்தச் சந்தோசம். ஆனா சட்டம் இல்லாட்டியும் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். பாசிக்குடாவுல உருண்டையாக் கிடக்கிற முருகைக்கல்லு வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். ஒரு புட்போல் அளவு கல்லுக்கு பத்துப் பன்னிரண்டு வருஷம். 1998, 2016 எண்டு கடல் சூடேறி வெளுத்து, அதுக்குப் பிறகும் தப்பி நிக்கிற கல்லு எண்டா அது சூட்டைத் தாங்கப் பழகின கல்லு, அந்தக் கடல் திரும்ப நிரம்புறதுக்கு அதுதான் விதைநெல்லு. அதை உடைச்சுக் கொண்டு வந்து, உப்பு ஆடுற ஒரு தொட்டியில வச்சு, ஒரு மாசத்துல வெள்ளைக் கல்லாக்கி வெளியில எறியிறதுக்கு உங்களுக்கும் மனம் வராது. ஹேமர் தப்பாட்டியும் உடன வேற கோரல் வாங்காதீங்க. மூண்டு மாசம் தொட்டியை அளந்து, நம்பர் ஆடாம நிண்ட பிறகு, தொட்டியில வளர்த்து வெட்டின துண்டு, பிராக் எண்டு சொல்றது, ஒண்டு, சின்னனா, பில்லோட.

இனி எதைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? நிறத்தைப் பாக்காதீங்க, நிறம் கடைசியாத்தான் வரும், ரெண்டு மூண்டு மாசமும் எடுக்கும். வெள்ளாப்புல, லைட் போட முதல், டோர்ச்சைச் சரிவாப் பிடிச்சு எலும்புட விளிம்பைப் பாருங்க. சதை அந்த விளிம்புக்கு மேலால மடிஞ்சு, வெளிப்பக்கமா கொஞ்சம் கீழ இறங்கிப் பிடிச்சிருந்தா உயிர் நிண்டு பிடிக்குது. விளிம்புக்கு உள்ளுக்கு சதை இழுபட்டு, எலும்புட கூர்ப் பல்லு வெளியில தெரிஞ்சா இன்னும் பின்வாங்குது. கிழமைக்கு ஒருக்கா, ஒரே நாள், ஒரே நேரம், ஒரே பக்கத்துல இருந்து போட்டோ எடுங்க, நாளாந்தம் பாக்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. எலும்பு தெரிஞ்ச ரெண்டு தலையில ஒண்டுல நடுவுல பச்சையா ஒரு புள்ளி நிக்கிற மாதிரி உங்கட மூண்டாவது போட்டோவுல கிடக்கு. அது பாசியாவும் இருக்கலாம், விட்டுப் போகாத சதையாவும் இருக்கலாம். சதையெண்டா லைட் ஓஃப் பண்ணின பிறகு கொஞ்சம் வீங்கும், பாசியெண்டா அசையாது. அதை இண்டைக்கு இரவு பாத்திட்டு எழுதுங்க, சதையெண்டா அந்தத் தலையில கட்டர் வைக்காதீங்க. அல்கலினிட்டி நம்பரையும் கிணத்துத் தண்ணி நைத்திரேற்றையும் சேர்த்து அனுப்புங்க, மறுகா என்ன செய்யிறது எண்டு அதை வச்சுச் சொல்றன்.